பஞ்சு வைத்த பிறகு பாடியது

சந்திரம்மாவின் ஒப்பாரிக்கு எட்டாயிரம் ரூபாய் என்று விலை படிந்தது. என் கடையில் வைத்துத்தான் படிந்தது. ஷாமியானா, நாற்காலி, பிரியாணி அண்டா, செத்தவரைக் கிடத்தும் ஐஸ் பெட்டி எல்லாவற்றுக்கும் நாள் வாடகை எழுதி மாட்டியிருக்கும் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, அந்தப் பலகையில் இல்லாத ஒரு சரக்குக்கு விலை பேசினோம்.

சினிமா கம்பெனி மேனேஜர் பார்த்தசாரதி மூவாயிரத்தில் ஆரம்பித்தார்.

"ஒரு மணி நேர வேலைதான, கண்ணாயிரம்."

"சார், உங்க ஹீரோயின் அழுவணும்னா கண்ணுல கிளிசரின் வுடணும். வுடறதுக்கு ஒரு ஆளு, தொடைக்கறதுக்கு ஒரு ஆளு. இந்தம்மாவுக்கு அந்தச் செலவு இல்ல. சொந்தச் சரக்கு."

என் தகப்பனார் செங்கல்பட்டில் புளி மண்டி வைத்திருந்தவர். விலை பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்பார். பாதம் வாசல் பக்கம் திரும்பாத வரைக்கும் ஏற்றலாம். பார்த்தசாரதியின் ஷூ எட்டாயிரத்தில்தான் திரும்பியது. அந்தப் பெருமையில் அன்று மத்தியானம் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி கூடுதலாகத் தின்றேன்.

சரக்குக்கு உடையவள் அப்போது அங்கே இல்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் புருஷன் பெஞ்சமினுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பெஞ்சமின் மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் மெருகு போடுகிறவர். சிற்பி செதுக்கி முடித்த கல்லை மெஷின் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற வேலை. பிள்ளையார், புத்தர், ஓட்டல் நீச்சல் குளத்துக்கு டால்பின், எது வந்தாலும் அவருக்குக் கருங்கல்தான். சாயங்காலம் என் கடையைத் தாண்டி வீட்டுக்குப் போகும்போது கண்ணிமை முதற்கொண்டு வெள்ளையாக இருக்கும். குளித்தால் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வெளியே இருந்தது போனது. உள்ளே போனது நுரையீரலில் குடியேறிவிட்டது. தை மாதத்திலிருந்து மூக்கில் குழாய். வீட்டில் காற்று மெஷின் வைத்துக்கொள்ள வசதி செய்தால் அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெஷினுக்கு முன்பணம் கட்ட வேண்டும். எட்டாயிரம் அதற்குத்தான்.

சந்திரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரையிலிருந்து திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஒரு சாவு விழுந்தால் முதலில் ஐஸ் பெட்டிக்கு எனக்குச் சொல்வார்கள், அடுத்தது அவளுக்கு. செத்தவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் வாழ்ந்த வாழ்க்கையை அந்த இடத்திலேயே பாட்டாகக் கட்டுவாள். கஞ்சன் செத்தாலும் ஃபேன் போடாமல் அவன் விசிறியால் விசிறிக்கொண்ட கையைப் பற்றி ஏதோ பாடி, கடன்காரனையே அழவைத்துவிடுவாள். இதற்கு ஒரு பைசா கேட்டதில்லை. பிணத்தைத் தூக்கும் வரைக்கும் வாயை மூடமாட்டாள், பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள். தூக்கிய கணம் எழுந்து, புடவையை உதறி, தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அது அவள் பழக்கம்.

தையிலிருந்து எந்தச் சாவுக்கும் போகவில்லை. வீட்டில் ஓர் ஆள் மூச்சுக்குத் திண்டாடும்போது வெளியே போய் அழுதால், அந்த அழுகை பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும் என்பார்கள்.

அவளைச் சம்மதிக்க வைத்தது மகள் ஜாய்ஸ். பி.ஏ. இங்கிலீஷ். என் கடை மாடியில், உபரி நாற்காலி அடுக்கியிருக்கும் ஹாலில், ஓட்டல் பையன்களுக்கும் டூரிஸ்ட் கைடுகளுக்கும் சாயங்கால வகுப்பு எடுக்கிறவள். வெளிநாட்டுக் கம்பெனி ஊருக்குத் தெற்கே சவுக்குத் தோப்பில் படம் எடுக்க வந்தது. கூட்டத்தில் நிற்கவும் சாமான் தூக்கவும் உள்ளூர் ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு ஷூட்டிங் இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும். கற்றுக்கொடுக்க ஜாய்ஸைப் பிடித்தார்கள்.

மாடி நிரம்பி வழிந்தது. நான் கணக்கைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து கேட்பேன்.

"ரோலிங்னு சத்தம் வந்தா கேமரா ஓடுதுன்னு அர்த்தம். இருமக் கூடாது, செல்போன எடுக்கக் கூடாது. ஆக்‌ஷன்னு சொன்னாத்தான் செய்ய ஆரம்பிக்கணும். கட்னு சொன்னா நிறுத்தணும்."

"கட் சொல்ல மறந்துட்டாங்கன்னா?" இது சின்னையன். சுண்ணாம்பு அடிக்கிறவன். விலா எலும்பு எண்ணும்படி இருந்ததால் அவனைப் பிணமாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"சொல்ற வரைக்கும் செஞ்சிகினே இருக்கணும்."

"நான் பொணம், டீச்சர். இன்னாத்த செஞ்சிகினே இருக்கறது?"

"ஒண்ணும் செய்யாம இருக்கறத செஞ்சிகினே இருக்கணும்."

"அது எனக்கு வரும். அதுக்குத்தான் வூட்ல தெனம் திட்டு வாங்கறேன்."

ஜாய்ஸ் சிரிக்காமல் போர்டில் எழுதினாள். கம்பெனிக்கு வேண்டியது பத்துப் பதினைந்து வார்த்தைகள்தான். அவள் அதோடு நிறுத்தவில்லை. காசு வாங்கினால் நிறைவாகக் கொடுக்க வேண்டும் என்கிற சாதி அவள். நாடக வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டாள்.

"ப்ராம்ப்டர். மேடைல நிக்கறவங்களுக்கு வசனம் மறந்துபோச்சின்னா, தெரைக்குப் பின்னால நின்னுகினு எடுத்துக் குடுக்கறவங்க."

"அவங்களுக்கு வேஷம் உண்டா?" என்று கேட்டாள் வேண்டா. மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைப்பவள்.

"கெடையாது."

"மூஞ்சியாச்சும் தெரியுமா?"

"தெரியக் கூடாது."

"அப்பறம் எவன் போவான் அந்த வேலைக்கு," என்றான் சின்னையன். "பொணமே தேவல."

கடைசி வரிசையில் சந்திரம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, காலியான கஞ்சித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெற்ற மகளைக் கைதூக்கிக் கேட்டாள்.

"டேக்குன்னியே. எத்தினி வாட்டி?"

"சரியா வர்ற வரைக்கும்."

"அழுவறதுல சரி எது தப்பு எதுன்னு யாரு சொல்றது?"

ஜாய்ஸ் சாக்பீஸைத் தட்டினாள். "டைரக்டர்."

வகுப்பு விட்டு ஆட்கள் இறங்கிப் போன பிறகு தாயும் மகளும் படியில் நின்று பேசினார்கள். நான் இருந்தது அவர்களுக்குத் தெரியும். இந்த ஊரில் யாரும் எதையும் தனியாகப் பேசுவதில்லை.

"ஏண்டி, உங்க நைனா அங்க மூச்சு இழுத்துகினு கீறாரு. நான் இங்க மார்ல அடிச்சிகினு அழுவட்டுமா?"

"இது சாவு இல்லம்மா. சீன். சின்னையன் மாமா எய்ந்து ஒக்காந்து டீ குடிக்கும்."

"பாட்டு பாட்டுதான?"

"ஆக்‌ஷனுக்கும் கட்டுக்கும் நடுவுல நடக்கறது எதுவும் நடந்ததா கணக்கு இல்லம்மா. அதுக்குத்தான் முன்னால ஒரு வார்த்த, பின்னால ஒரு வார்த்த வச்சிகீறாங்க."

சந்திரம்மா தூக்கின் மூடியைத் திருகினாள், மறுபடி திருகினாள்.

"இங்கிலீஷ்ல அப்பிடி வச்சிகீறாங்களா," என்றாள். "நம்மள்ல இல்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். பெஞ்சமின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது. ஜாய்ஸ் அவருக்கும் பாடம் நடத்தியிருந்தாள்.

"கண்ணாயிரண்ணா, கேட்டியா," என்றார், ஒவ்வொரு வார்த்தைக்கும் இடைவெளி விட்டு. "கட்னு சொன்னா இவ நிறுத்திடுவாளாம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சொல்லி ஒண்ணத்த நிறுத்துனது இல்ல."

"நீ இங்கிலீஷ்ல சொல்லியிருக்க மாட்ட," என்றேன்.

சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. நர்ஸ் வந்து முறைத்தார். அடங்கிய பிறகு மனைவியைப் பார்த்தார். "நல்ல பாட்டெல்லாம் அங்கயே குடுத்துடாத. எனக்குக் கொஞ்சம் வச்சிக்க."

"வாயக் கழுவு," என்றாள் சந்திரம்மா. சாத்துக்குடியை உரித்து, சுளையின் கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, அவர் வாயில் வைத்தாள்.

ஷூட்டிங் நாள் சித்திரை வெயிலில் வந்து விழுந்தது. சவுக்குத் தோப்பில் காற்று இருந்தது, ஆனால் அடுப்பைத் திறந்தால் வருகிற காற்று. குடிசை மாதிரி ஒன்று போட்டு, என் ஷாமியானாவைக் கட்டி, என் ஐஸ் பெட்டியை ஓரமாக வைத்து, முன்னால் பெஞ்சில் சின்னையனைக் கிடத்தி மாலை போட்டிருந்தார்கள். டைரக்டர் ஒரு வெள்ளைக்காரம்மா. அவர் சொல்வதைத் தமிழாக்க அபிஷேக் என்று ஒரு தம்பி. ஐம்பது பேரும் ஜாய்ஸ் சொல்லிக்கொடுத்தபடி நின்றார்கள். ரோலிங் என்றதும் தோப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

ஆக்‌ஷன்.

சந்திரம்மா பாடினாள். பொதுவான வரிகள், தங்கரதம், பூந்தேர் என்று எல்லாச் சாவுக்கும் பொருந்துகிற உருப்படிகள். கட் என்றதும் நிறுத்திவிட்டாள். ஜாய்ஸ் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அபிஷேக் வந்தான். "அம்மா, நல்லாருக்கு. ஆனா மேடம் இன்னும் வேணும்றாங்க. உள்ளேருந்து."

"இவனுக்கு உள்ளேருந்து இன்னான்னு அழுவறது?" என்றாள் சந்திரம்மா.

பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது. "யக்கா, எதனா நல்லதா ரெண்டு வார்த்த சொல்லு யக்கா. ஊரே பாக்குது."

இரண்டாவது முறையும் டைரக்டர் போதாது என்று தலையை ஆட்டினார். பார்த்தசாரதி என் பக்கம் திரும்பி, "எட்டாயிரம்," என்றார், உதட்டை அசைத்து மட்டும். அவர் ஷூ தோப்புக்கு வெளியே போகிற பக்கம் திரும்பியிருந்தது. சந்திரம்மாவும் அதைப் பார்த்தாள். அவளுக்கு மெஷின் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, சின்னையனின் தலைமாட்டில் நகர்ந்து உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் கடல் பக்கம் பார்த்தாள்.

*கண்ணிமையில் வெள்ளத் தூசி, கனவெல்லாம் கல்லுத் தூசி,
தட்டி வுட்டு சோறு போட தட்டெடுத்து நிக்கறேனே.*

அடுத்தது வந்தது.

*ஊரான் சாமிக்கெல்லாம் மெருகு போட்ட மகராசா,
ஒன் மூச்சுக்கு மெருகு போட ஒருத்தருமே வல்லியே.*

வேண்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நடிக்க வந்த மற்றப் பெண்களும் அழுதார்கள், காசுக்கு இல்லை. ஜாய்ஸ் சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கட் என்றார்கள்.

சந்திரம்மா நிறுத்தவில்லை. இன்னொரு கட். மெகாபோனில் ஒரு கட். அவள் மார்பில் கை விழுந்துகொண்டே இருந்தது. கற்ற வார்த்தைகள் எல்லாம் தெரிந்த ஐம்பது பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஜாய்ஸ்தான் ஓடி வந்தாள். ஆனால் அம்மாவிடம் போகவில்லை. பாடை தூக்க நிறுத்தியிருந்த நான்கு பேரிடம் போனாள்.

"தூக்குங்க. தூக்கிகினு போங்க."

அவர்கள் சின்னையனைப் பெஞ்சோடு தூக்கிக்கொண்டு தோப்பைத் தாண்டிக் கடல் பக்கம் போனார்கள். பிணம் கண்ணைத் திறந்து எங்கே போகிறோம் என்று கேட்டது. பெஞ்சு மறைந்த கணம் சந்திரம்மா நிறுத்தி, எழுந்து, புடவையை உதறினாள்.

கேமரா ஓடிக்கொண்டேதான் இருந்தது. டைரக்டரின் கண் சிவந்திருந்தது. அவர் சொன்னதை அபிஷேக் மெதுவாகச் சொன்னான். "ரொம்ப நல்லா வந்துருக்கு. அதே மாதிரி இன்னொரு தடவ. அந்தப் பக்கத்துலேர்ந்து எடுக்கணும்."

குளிக்கப் போனவளைத் திரும்ப உட்கார வைத்தார்கள். முகம் கழுவக் கூடாது, கன்டினியூட்டி என்றார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னதும் ஜாய்ஸ்தான். முன்னால் எடுத்ததில் இருந்த கண்ணீர் பின்னால் எடுப்பதிலும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். மத்தியானம் கம்பெனி பிரியாணி போட்டது. சந்திரம்மா தொடவில்லை. பிணம் கிடக்கும்போது எப்படிச் சாப்பிடுவது? அந்தப் பிணம் அதற்குள் இரண்டாவது தட்டுக்குப் போயிருந்தது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு புது அடி கூட்டிப் பாடினாள். ஒவ்வொரு முறையும் சின்னையனைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் நிறுத்த முடிந்தது. பொழுது சாயும்போது க்ளோஸப் என்றார்கள். பிணத்தின் முகமும் அவள் முகமும் சேர்ந்து தெரியும் என்று மேக்கப் பையன் சின்னையனின் மூக்கிலும் காதிலும் பஞ்சு வைத்து, தாடையைக் கட்டினான். அந்தக் கடைசி முறை சந்திரம்மா குரலை உயர்த்தவே இல்லை. குனிந்து, யாருக்கோ ரகசியம் சொல்வதுபோல் ஒரு அடி பாடினாள். மைக் அவள் வாய்க்கு மேலே தொங்கியது. அதற்குக் கேட்டது. நான் நின்ற இடத்துக்குக் கேட்கவில்லை.

மெஷின் வந்தது. பெஞ்சமினும் வந்தார். வீட்டுக் கூடத்து ஜன்னலோரம் கட்டில், பக்கத்தில் உறுமிக்கொண்டு மெஷின். காலையில் கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும் கேட்டுச் சாப்பிட்டார். ஜாய்ஸைக் கூப்பிட்டு ஷூட்டிங் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். சின்னையனைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடம் வந்தால் கையைத் தட்டுவார்.

"எனக்கு எவ்ளோ வச்சிகீற?" என்று ஒருநாள் மனைவியைக் கேட்டாராம். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள் என்று ஜாய்ஸ் பிறகு சொன்னாள்.

வைகாசி பிறந்த வாரத்தில், ஒரு காலை நேரம், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சமின் நின்றுவிட்டார்.

அதே ஐஸ் பெட்டியைத்தான் அனுப்பினேன். என்னிடம் இருப்பது ஒன்றுதான். பாஸ்டர் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஜெபம் முடிந்ததும் எடுப்பு. பதினோரு மணிக்கே தெருப் பெண்கள் வந்து வட்டமாக உட்கார்ந்து, சந்திரம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு, அவள் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

வேண்டா ஏதோ ஆரம்பித்துப் பார்த்தாள். தங்கரதம் என்றாள். அந்த மனிதர் வாழ்நாளில் ஏறியது டவுன் பஸ். யாருக்கும் ஒட்டவில்லை.

"யக்கா, நீ பாடு," என்றாள்.

"இல்லடி," என்றாள் சந்திரம்மா. "குடுத்துட்டேன். அவருக்குன்னு இருந்தத எல்லாம் அந்தத் தோப்புல ஒக்காந்து குடுத்துட்டேன். தேடிப் பாக்கறேன், ஒரு அடி வல்ல. அன்னிக்கி இன்னா பாடுனேன்னே நெனப்பு இல்ல."

அடுத்த தெருக்காரி ஒருத்தி, உசுரோட இருக்கும்போதே அழுதா இப்பிடித்தான் ஆவும் என்று, கேட்கிற மாதிரியே முணுமுணுத்தாள்.

ஜாய்ஸ் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்தாள். "அண்ணா, அந்த ரெக்கார்டிங். சவுண்டு மட்டும் குடுத்தாப் போதும். போன்ல அனுப்பச் சொல்லுங்க. நாலு மணிக்குள்ள."

பார்த்தசாரதிக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"என் கைல இல்ல கண்ணாயிரம். அன்னன்னிக்கி எடுத்தது அன்னிக்கே வெளிநாட்டுக்குப் போயிடுச்சி. படம் வர்ற வரைக்கும் ஒரு செகண்டு வெளிய வராது. அதுக்கு சந்திரம்மாவே கையெழுத்து போட்டுக் குடுத்துருக்காங்க."

"எவ்ளோ சார்? எட்டாயிரத்துக்கு வாங்குனீங்க. பதினாறு சொல்லுங்க. நான் தரேன்."

"விலையே இல்லப்பா."

இத்தனை வயதில் இப்படி ஒரு வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. விற்றவளால் திரும்ப வாங்க முடியாது, வாங்கினவனாலும் விற்க முடியாது. போனில் காலைப் பார்க்கவும் வழியில்லை.

ஜாய்ஸ் வாசற்படியில் உட்கார்ந்தாள். "நடந்ததா கணக்கு இல்லன்னு நான்தான சொன்னேன்," என்றாள். நான் நாற்காலியை வரிசையாகப் போட்டேன்.

மூன்று மணி இருக்கும். சின்னையன் சுண்ணாம்புக் கையோடு வேலையிலிருந்து வந்தான். பெட்டியைப் பார்த்தான், வாயடைத்து உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தான், வேண்டா சொன்னதைக் கேட்டான். இடுப்புத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெண்கள் வட்டத்துக்குள் போனான். ஆண்பிள்ளை உட்காராத இடம் அது.

"டேய், இன்னாடா," என்றாள் ஒருத்தி.

அவன் சந்திரம்மாவுக்குப் பின்னால், அவள் முதுகுக்கு மறைவாக உட்கார்ந்தான்.

"யக்கா, நாள் பூரா செத்துக் கெடந்து கேட்டுகினு இருந்தவன் நானு. வேற வேல இல்ல எனக்கு. ஜாய்ஸு சொல்லிச்சே, தெரைக்குப் பின்னால. நான் எடுத்துக் குடுக்கறேன்."

தவளைக் குரல் அவனுக்கு. ராகம் கிடையாது. தரை பார்த்துச் சொன்னான்.

"ஊரான் சாமிக்கெல்லாம் மெருகு போட்ட மகராசா..."

யாரும் சிரிக்கவில்லை. சந்திரம்மாவின் முதுகு நிமிர்ந்தது.

"அது ரெண்டாவது," என்றாள். "மொதல்ல கண்ணிம."

"ஆமா யக்கா. கண்ணிமையில் வெள்ளத் தூசி."

"கனவெல்லாம் கல்லுத் தூசி," என்றாள் அவள், பேச்சாகத்தான். அடுத்த வார்த்தையில் பேச்சு பாட்டானது. கை மார்புக்குப் போனது. பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு அடி முடிந்ததும் பின்னாலிருந்து அடுத்த அடி தணிந்த குரலில் வந்தது, அவள் அதை வாங்கி உயர்த்தினாள். ஜாய்ஸ் எழுந்து உள்ளே போய் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாஸ்டர் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பைபிளை அக்குளில் வைத்துக்கொண்டு காத்து நின்றார்.

பிறகு பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை.

"சொல்லுடா," என்றாள் சந்திரம்மா. "கடசீல குனிஞ்சி ஒண்ணு பாடுனேனே."

சின்னையன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "அப்ப காதுல பஞ்சு வச்சிட்டாங்க யக்கா."

அவள் பெட்டியின் கண்ணாடிமேல் கன்னத்தை வைத்து, முன்னால் பாடியவற்றையே மறுபடி முதலிலிருந்து பாடினாள், தூக்கும் வரைக்கும்.

ஐஸ் பெட்டியையும் ஷாமியானாவையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. மற்றபடிக்கு என் வழக்கம்போலக் கூட்டிப் பார்த்தேன். சந்திரம்மா தோப்பில் பாடிக் கொடுத்தது ஆறு அடி. சின்னையன் கையில் திரும்பி வந்தது ஐந்து. பாக்கி ஒன்று, கம்பெனி பேரில் நிற்கிறது.